வழவழப்பான ஓடு, ஒரே பெயர், மூன்று காலங்கள்: இந்த ஆஸ்ட்ரகோடை எங்கே வைப்பது?

அடுக்குமண் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆழ்துளையிலிருந்து கிடைத்த களிமண், சுண்ணக்களிமண் மாதிரிகளைக் கழுவிச் சலித்து, அவற்றிலுள்ள ஆஸ்ட்ரகோடுகளை (இரட்டை ஓடுள்ள நுண்ணிய நீர்வாழ் உயிரிகளை) வகைப்படுத்தி வருகிறேன். நிலவியல் படித்தவன் என்றாலும் நுண்தொல்லுயிரியலில் இதுவே என் முதல் முயற்சி என்பதால், அடிப்படையான பிழைகள் இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

துளையின் கீழ்ப்பகுதியிலிருந்து முழுக் கோர் (உருளையாக வெட்டியெடுத்த பாறை) கிடைத்திருக்கிறது. அதிலுள்ள அம்மோனைட்டுகளை (அழிந்துபோன சுருளோட்டுக் கடலுயிரிகளை) கொண்டு அது ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தது என்பது உறுதியாகியுள்ளது. மேற்பகுதிக்குக் கோர் இல்லை. துளையிடும்போது சேற்றோடு மேலே வந்த பாறைத் துணுக்குகள், அதாவது கட்டிங்ஸ், மட்டுமே உள்ளது. கீழ்ப்பகுதியில் நூற்றுக்கணக்கில் கிடைப்பது, முட்டை வடிவில், மேற்பரப்பில் எந்த அலங்காரமும் இல்லாத, முள்ளும் இல்லாத ஓர் ஆஸ்ட்ரகோடு. நீளத்தை அளந்தபோது அளவுகள் தொடர்ச்சியாகப் பரவாமல் 0.35, 0.44, 0.55, 0.70 மில்லிமீட்டர் ஆகிய நான்கு இடங்களைச் சுற்றியே குவிந்தன. அதனால் அவற்றைச் சிறியது, நடுத்தரமானது, பெரியது என மூன்று சிற்றினங்களாகப் பிரித்து, நடுவிலுள்ள இரண்டு குவியல்களையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மேற்பகுதியிலும் இதே தோற்றமுள்ள வழவழப்பான ஓடுகள் ஐம்பதுக்கும் குறைவாகக் கிடைத்துள்ளன. அவை அனைத்தும் 0.60 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை.

என்னிடமுள்ள ஒரு பழைய பட்டியலில் இத்தகைய ஓடு, ஜுராசிக்குக்கு முந்தைய டிரயாசிக்கின் முடிவிலிருந்து, பிந்தைய கிரெட்டேசியஸின் தொடக்கம் வரை ஒரே சிற்றினப் பெயரில் காட்டப்பட்டிருக்கிறது. அதன்படி என் காலப்பரவல் அட்டவணையிலும் துளையின் அடியிலிருந்து உச்சிவரை ஒரே கோடாக இழுத்துவிடலாமா? சிற்றினப் பெயரை எப்படி எழுதுவது?

சல்லடை

கோட்டை இழுப்பதற்கு முன்பு சில வேலைகள் மிச்சமிருக்கின்றன. முதலில் அளவுகளைப் பார்ப்போம். 0.35-ஐ 1.26-ஆல் பெருக்கினால் 0.44; மீண்டும் பெருக்கினால் 0.55-க்குச் சற்று மேல்; இன்னொரு முறை பெருக்கினால் 0.70. இந்த 1.26 தற்செயலாக வந்த எண் அன்று. அது இரண்டின் கனமூலம். ஆஸ்ட்ரகோடு நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளின் உறவினர் என்பதால் தொடர்ச்சியாக வளராது. பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய ஓட்டைப் புதிதாகச் சுரக்கும். ஒவ்வொரு உரிப்பின்போதும் உடலின் கனஅளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதனால் நீளம் ஏறக்குறைய 1.26 மடங்காகிறது. ஆஸ்ட்ரகோடுகளின் ஒரு பெரும் வரிசையான போடோக்கோப்பிடுகளில் பெரும்பாலானவை எட்டு முறை உரித்து ஒன்பதாம் நிலையில் முதிர்ச்சியடைகின்றன. நீங்கள் மூன்று சிற்றினங்கள் என்று பிரித்தவை ஒரே சிற்றினத்தின் கடைசி நான்கு வளர்நிலைகள் என்பதே என் கணிப்பு. 0.35-க்கும் சிறியவை உங்கள் சல்லடைக் கண் வழியாக வெளியேறியிருக்கும். நுண்ணிய சல்லடை இருந்தால் மீதி மண்ணையும் ஒருமுறை பாருங்கள்.

முதிர்ந்ததையும் இளநிலையையும் பிரித்தறிய அளவு மட்டும் போதாது. முதிர்ந்த ஓடு தடித்திருக்கும். அதன் கீல் முழுமையாக வளர்ந்திருக்கும். விளிம்பை ஒட்டிய உள்தகடு தெளிவாகத் தெரியும். சிற்றினத்தை முதிர்ந்த ஓட்டை வைத்தே வரையறுக்க வேண்டும். இளநிலை ஓடுகள் வெவ்வேறு பேரினங்களில்கூட ஒன்றையொன்று ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கும்.

அடுத்தது தசைத்தழும்பு. வழவழப்பான ஓட்டில் வெளித்தோற்றத்தை நம்புவது ஆபத்து, ஏனெனில் ஆழமற்ற சேற்றில் ஊர்ந்தும் புதைந்தும் வாழும் பல கிளைகள் தனித்தனியாகவே இந்த முட்டை வடிவத்தை அடைந்திருக்கின்றன. இரு ஓடுகளையும் இழுத்து மூடும் தசை ஓட்டின் உட்புறத்தில் பதிக்கும் தழும்புகளின் அமைப்புதான் வரிசை, துணைவரிசை அளவில் பிரிக்கும் சான்று. போடோக்கோப்பிடுகளின் ஒரு பிரிவான சைத்தராய்டுகளில் நான்கு தழும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும். சைத்தரெல்லா போன்ற பிளாட்டிகோப்பிடுகள் என்ற வேறொரு கூட்டத்தில் இரண்டு வரிசைகளாக, இறகைப் போல அமைந்திருக்கும். ஹீல்டியிடுகள் முதலிய, இன்று அழிந்துபோன மெட்டாக்கோப்பிட் கூட்டத்தில் பல சிறு தழும்புகள் நெருங்கி ஏறக்குறைய வட்டமான ஒரு திட்டாகத் தெரியும். மூடிய நிலையிலுள்ள ஓட்டை உடைக்க வேண்டியதில்லை. ஒரு துளி நீரோ கிளிசரினோ வைத்து நனைத்து, அடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் பாருங்கள்; உள்ளே பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) நிரம்பாமல் இருந்தால் தழும்பு தெரிய வாய்ப்புண்டு.

மூன்றாவது, எந்த ஓடு பெரியது என்பது. ஆஸ்ட்ரகோடின் இரு ஓடுகளும் பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை. ஒன்று மற்றொன்றின் விளிம்பை மூடிக்கொண்டிருக்கும். ஹீல்டியிடுகளில் இடது ஓடு பெரியது. சைத்தரெல்லாவில் வலது ஓடு பெரியது. அது இடது ஓட்டைச் சுற்றிலும் கவ்வியிருக்கும். ஆனால் முட்டை வடிவ ஓட்டில் முன் எது, பின் எது என்று தெரியாமல் திருப்பி வைத்துவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். நானே தொடக்கத்தில் ஒரு தட்டு முழுவதையும் தலைகீழாக ஒட்டி, இல்லாத ஒரு பேரினத்தைக் ‘கண்டுபிடித்திருக்கிறேன்’. முதுகுப்பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் பின்பகுதி பருத்திருக்கும். தசைத்தழும்பு பெரும்பாலும் நடுவிலோ சற்று முன்னாலோ அமையும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து முன்பின் தீர்மானியுங்கள்.

அடுக்குமண்

மிக்க நன்றி. மூன்று சிற்றினங்கள் ஒன்றானதில் வருத்தம் இல்லை. கீழ்ப்பகுதி ஓடுகளில் இன்று காலை இருபதை நனைத்துப் பார்த்தேன். ஏழில் வட்டத் திட்டு தெளிவாகத் தெரிகிறது. இடது ஓடே பெரியது. மற்றவற்றின் உட்புறம் கறுத்திருப்பதால் ஒன்றும் தெரியவில்லை. மேற்பகுதி ஓடுகளை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அதற்குள் பெயரைப் பற்றி யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மூலப்பெயர்

வட்டத் திட்டு, பெரிய இடது ஓடு, ஜுராசிக் தொடக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆக்மோகோன்கா, ஆக்மோகோன்கெல்லா ஆகிய இரு பேரினங்களில் ஒன்றை நோக்கியே போகிறீர்கள். முன்னது 1941-இல் டிரீபெல் அமைத்தது. பின்னது 1964-இல் குருண்டெல் அமைத்தது. ஜுராசிக்கின் முதல் நிலையான ஹெட்டாஞ்சியனில், வடமேற்கு ஐரோப்பாவின் பல பகுதிகளில் ஆக்மோகோன்கெல்லா அஸ்பினாட்டா என்ற சிற்றினம் பெருந்திரளாகக் கிடைக்கிறது. டிரயாசிக் முடிவின் பேரழிவுக்குப் பிறகு வெறிச்சோடிய கடலடியில் அது கொழித்தது. முள் இல்லாதது என்பதே அதன் பெயரின் பொருள். உங்கள் ஓட்டுக்கும் முள் இல்லை என்பதால் உடனே அந்தப் பெயரைச் சூட்டத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். இக்குழுவின் வேறு சிற்றினங்களில் வலது ஓட்டின் ஓரத்தில் இருக்கும் சிறு முள், கழுவும்போதும் தூரிகை படும்போதும் எளிதில் முறிந்துவிடும். முள் இல்லாமல் பிறந்ததா, முள்ளை இழந்ததா என்பதை மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் அந்த இடத்து விளிம்பைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

பழைய பட்டியல்களைப் படிக்கும்போது இன்னொரு சிக்கலும் வரும். ஜுராசிக் தொடக்கத்து ஹீல்டியிடுகளை வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு பேரினங்களில் வைத்திருக்கிறார்கள். மேஹெஷ் 1911-இல் டிரயாசிக் ஓடுகளுக்காக அமைத்த ஹங்கரெல்லா என்ற பெயர், பிற்காலத்தில் ஜுராசிக் ஓடுகளுக்கும் தாராளமாகப் பயன்பட்டது. தசைத்தழும்பு தெரியாத ஓடுகள், ஜோன்ஸ் 1849-இல் அமைத்த சைத்தரெல்லாவிலும் விழுந்திருக்கின்றன. எனவே ஒரே விலங்கு மூன்று பெயர்களில் இருக்கலாம். ஒரே பெயருக்குள் மூன்று விலங்குகளும் இருக்கலாம். உங்கள் கையிலுள்ள பட்டியல் இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். பட்டியலை நம்பாமல், அந்தச் சிற்றினத்தை முதன்முதலில் விவரித்த கட்டுரையையும் மூல மாதிரியின் (அந்த விவரிப்புக்கு அடிப்படையான ஓட்டின்) படத்தையும் தேடிப் பிடியுங்கள். பெயர் மூல மாதிரியோடு கட்டப்பட்டது; பிற்காலத்தார் அந்தப் பெயரில் காட்டிய படங்களோடு அன்று.

எழுதும் முறையைக் கேட்டீர்கள். சிற்றினத்தை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அச்சிற்றினம் பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்று பொருள். சைப்ரிடெய்ஸ் டொரோசா (ஜோன்ஸ், 1850) என்பது எடுத்துக்காட்டு. சைப்ரிடெய்ஸ் என்ற பேரினமே 1857-இல்தான் வந்தது. அடைப்புக்குறியை விருப்பப்படி போடுவதும் விடுவதும் கூடாது.

அந்தச் சைப்ரிடெய்ஸ் டொரோசா வேறொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. உவர்நீரில் வாழும் இதன் ஓடு வழவழப்பாக இருக்கும். உப்புத்தன்மை மிகவும் குறைந்த நீரில் ஓடு சுரந்தால் புடைத்த முண்டுகள் தோன்றும். முண்டுள்ளதும் இல்லாததும் நெடுங்காலம் தனித்தனிப் பெயர்களைத் தாங்கியிருந்தன. சூழல் செய்யும் மாற்றத்தைச் சிற்றின வேறுபாடாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் ஓடுகளில் இப்போதைக்கு அலங்காரமே இல்லை என்றாலும், ஆண், பெண் வேறுபாட்டால் முதிர்ந்தவற்றில் இரண்டு வடிவங்கள் வர வாய்ப்புண்டு, 0.70 குவியலின் நீளத்தையும் உயரத்தையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

உறுதி வராதவரை திறந்த பெயரிடலைப் பயன்படுத்துங்கள். பேரினம் உறுதி, சிற்றினம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது, ஆனால் ஒப்பிட்டு முடியவில்லை என்றால் ‘சிஎஃப்.’ சேர்க்கலாம். நெருங்கிய உறவுடையது, ஆனால் வேறு என்று தோன்றினால் ‘அஃப்.’ சேர்க்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறான உறுதியான பெயர்தான் அட்டவணைக்குள் புகுந்து, அடுத்தவர் பட்டியலுக்கும் பயணமாகிறது.

கடலடி

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் ஓட்டை மட்டும் வைத்து வகைப்படுத்துவதன் எல்லையையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில், ஏறத்தாழ 42.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிலூரியன் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஆஸ்ட்ரகோடுகளில் கால்கள், செவுள்கள், கண்கள்கூட எஞ்சியிருக்கின்றன. அவற்றில் கொலிம்போசத்தான் எக்ப்ளெக்டிகோஸ் 2003-இலும், பாலின் அவிபெல்லா 2012-இலும் விவரிக்கப்பட்டன. மென்னுறுப்புகள் தெரிந்த பிறகு அவை மையோடோக்கோப்புகள் என்ற ஆஸ்ட்ரகோடு பிரிவைச் சேர்ந்தவை என்று உறுதியாயின. ஓட்டின் வடிவத்தை மட்டும் பார்த்திருந்தால் வகைப்பாடு வேறு திசையில் போயிருக்கக்கூடும் என்று அவற்றை விவரித்தவர்களே எச்சரித்தார்கள். கேம்பிரியன் காலத்து பிராடோரிடுகள், ஃபாஸ்ஃபடோக்கோப்பிடுகள் ஆகியனவும் ஒருகாலத்தில் இரட்டை ஓடு காரணமாக ஆஸ்ட்ரகோடுகளாகவே எண்ணப்பட்டு, உடலுறுப்புகள் வெளிப்பட்டபின் விலக்கப்பட்டன. ஐயமற்ற ஆஸ்ட்ரகோடுகள் கேம்பிரியனுக்கு அடுத்த ஆர்டோவிசியனிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே தழும்பை வைத்து வரிசையைத் தீர்மானிப்பதில் கொஞ்சம் அடக்கம் தேவை. தற்காலத்தில் வாழும் சைப்பனெட்டா என்ற பேரினத்தின் கூட்டுத் தழும்பைப் பார்த்து, அழிந்துபோன மெட்டாக்கோப்பிடுகளின் வாரிசு என்று கருதியதும் உண்டு. இன்று அது போடோக்கோப்பிடா வரிசைக்குள்ளேயே வைக்கப்படுகிறது.

சல்லடை

எச்சரிக்கை ஏற்கத்தக்கது, ஆனால் அதன் எடையை இந்தக் கேள்வியின் மேல் முழுவதுமாக வைக்க முடியாது. சிலூரியன் எடுத்துக்காட்டில் முரண்பட்டது ஓட்டின் புறவடிவம். இங்கே நாம் கேட்பது தழும்பின் அமைப்பு, ஓடு கவ்வும் திசை, வளர்நிலை வரிசை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றனவா என்பது. சைப்பனெட்டா தவறியதும் ஒரே பண்பை நம்பியதால்தான். ஜுராசிக் ஓடுகளில் கால்களை எதிர்பார்த்துக் காத்திருந்தால் எதற்கும் பெயர் வைக்க முடியாது.

தோவார்சியன்

காலப்பரவலைப் பற்றி யாரும் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

கீழ்ப்பகுதியில் உள்ளது மெட்டாக்கோப்பிட் என்றால், அதே சிற்றினம் கிரெட்டேசியஸ் வரை போவது மிகவும் ஐயத்துக்குரியது. அலங்காரமற்ற ஒரு கடலடி ஆஸ்ட்ரகோடு ஐந்தாறு கோடி ஆண்டுகள் ஓட்டில் மாற்றமின்றி நீடித்தது என்று ஒரு பட்டியல் சொன்னால், பரவலைப் பார்த்து வியப்பதற்கு முன் பெயரைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே அதைவிட வலுவான காரணமும் இருக்கிறது. ஆக்மோகோன்கா, ஆக்மோகோன்கெல்லா முதலிய மெட்டாக்கோப்பிட் கூட்டம் ஜுராசிக் தொடக்கத்தில் ஐரோப்பியக் கடல்களில் ஆதிக்கம் செலுத்தி, ஏறத்தாழ 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் தொடக்கப் பகுதியின் கடைசி நிலையான தோவார்சியனின் தொடக்கத்தில் மறைந்துவிட்டது. கடலில் உயிர்வளி குறைந்து கரிமம் மிகுந்த கருங்களிமண் படிந்த நிகழ்வும் அதே காலத்தை ஒட்டியது. அதற்குத் தெற்குக் கண்டங்களில் அப்போது நிகழ்ந்த பெரும் எரிமலைப் பெருக்கே மூலம் என்று பலரும் கருதுகின்றனர். சிற்றினங்கள் உதிர்வது எப்போதும் நடப்பது. ஒரு கூட்டமே கடலடியிலிருந்து அகன்றது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆகவே தோவார்சியனுக்கு மேலே ஒரு ‘ஆக்மோகோன்கெல்லா’ தென்பட்டால், அது வேறு விலங்காகவோ இடம் மாறி வந்த ஓடாகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி.

வேறு விலங்கு என்றால் சைத்தரெல்லாவையே முதலில் நினைக்க வேண்டும். அந்தப் பேரினம் ஜுராசிக் கடல்களிலும் உண்டு, இன்றைய கடல்களிலும் உண்டு. முட்டை வடிவம், வழவழப்பு எல்லாம் பொருந்தும். பெண் ஓடுகளின் பின்பகுதி அடைகாக்கும் இடத்துக்காகப் பருத்திருக்கும். இதைத் தவறாகப் பெயரிட்டால் காலம் மட்டுமன்றிச் சூழலும் பிழையாகும். பிளாட்டிகோப்பிடுகள் நீரை வடிகட்டி உண்பவை. அதனால் உயிர்வளி குறைந்த நீரிலும் அவை தாக்குப்பிடிக்கும், அவற்றின் பங்கு உயர்ந்தால் உயிர்வளி குறைந்தது என்று கொள்ளலாம் என ஆஸ்ட்ரகோடு ஆய்வாளர் வாட்லி முன்வைத்த கருத்து நெடுங்காலம் பயன்பட்டது. 2009-இல் பிரண்டாவும் ஹோர்னும் அதைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினர். அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், எண்ணப்படுவது உண்மையிலேயே பிளாட்டிகோப்பிடா என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இடம் மாறிய ஓடு என்பது இரண்டு வழிகளில் நேரும். பழைய அடுக்கு அரிக்கப்பட்டு அதன் ஓடுகள் புதிய சேற்றில் மீண்டும் படியலாம். அப்போது ஓடு தேய்ந்திருக்கும், நிறம் மாறியிருக்கும், உள்ளே நிரம்பிய மண் வெளியே சூழ்ந்துள்ள மண்ணோடு ஒத்துப்போகாது. கட்டிங்ஸில் நேர்வது வேறு: துளைச் சுவரின் மேற்பகுதியிலிருந்து உதிரும் மண் கீழ் ஆழத்து மாதிரியோடு கலக்கிறது. அதாவது இளைய ஓடு மூத்த அடுக்கில் தோன்றும். அதனால்தான் கட்டிங்ஸை மட்டும் வைத்து வேலை செய்பவர்கள் மேலிருந்து கீழே இறங்கும்போது ஒரு சிற்றினம் முதலில் தலைகாட்டும் இடத்தை, அதாவது அதன் கடைசி வாழ்நாளை, நம்புவார்கள். அது தோன்றிய காலத்தைக் கட்டிங்ஸிலிருந்து சொல்லத் துணியமாட்டார்கள். உங்கள் மேற்பகுதியில் இளநிலை ஓடு ஒன்றுகூட இல்லை, எல்லாமே 0.60-க்கு மேல் என்பது எனக்கு உறுத்துகிறது. அங்கேயே வாழ்ந்து மடிந்த கூட்டத்தில் உரித்துப்போட்ட சிறு ஓடுகளும் இருக்க வேண்டும். நீரோட்டம் சலித்துக் கொண்டுவந்ததா, நீங்கள் கழுவியபோது போனதா என்று பாருங்கள்.

கடைசி இருப்பையும் அப்படியே அழிவு என்று கொள்ளக் கூடாது. மாதிரிகள் இடைவெளிவிட்டு எடுக்கப்படுவதாலும் அரிதான சிற்றினம் எல்லா மாதிரியிலும் அகப்படாது என்பதாலும், கிடைத்த கடைசி ஓடு உண்மையான மறைவுக்கு முன்பே நின்றுவிடும். சிக்னரும் லிப்ஸும் 1982-இல் விளக்கிய விளைவு இது. தொடக்கத்துக்கும் இது பொருந்தும். தவிர, கடலடி ஆஸ்ட்ரகோடுகளுக்கு நீரில் மிதந்து செல்லும் இளம்பருவம் கிடையாது. பல குழுக்களில் தாய் முட்டையை ஓட்டுக்குள்ளேயே வைத்துக் காக்கிறது. ஆகவே அவை ஆழமற்ற கடலடி வழியாகப் படிப்படியாகவே பரவும். ஒரு படுகையில் முதன்முதலாகத் தென்படும் அடுக்கு, அச்சிற்றினம் அங்கே வந்து சேர்ந்த காலத்தைக் குறிக்குமேயன்றி, உலகில் தோன்றிய காலத்தைக் குறிக்க வேண்டியதில்லை. அட்டவணையில் கோர் பகுதியைத் தொடர்கோடாகவும், கட்டிங்ஸ் பகுதியைப் புள்ளிக்கோடாகவும் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் சான்று இல்லாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள்.

அடுக்குமண்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மேற்பகுதி ஓடுகள் 46-ஐயும் ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்தேன். 31-இல் இரட்டை வரிசைத் தழும்பு தெரிகிறது. முன்பின் சரியாகத் திருப்பிய பிறகு அவற்றில் வலது ஓடுதான் பெரியது என்பதும் தெளிந்தது. முதலில் பாதிக்கு மேல் தலைகீழாக ஒட்டியிருந்தேன், சல்லடை அவர்களே. பின்பகுதி பருத்தவையும் பருக்காதவையும் உள்ளன. இவற்றைச் சிற்றினம் சொல்லாமல் சைத்தரெல்லா எஸ்பி. என்று மட்டும் குறித்துவிட்டேன். 13-இல் தழும்பு தெரியவில்லை. ஆனால் வலது ஓடே பெரியது என்பதால் அதே பெயரில் கேள்விக்குறியோடு வைத்திருக்கிறேன். இளநிலை ஓடுகள் இல்லாததற்குக் காரணம் நான்தான்: மேற்பகுதி மாதிரிகளைக் கழுவியபோது பெரிய கண் சல்லடையைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. மிச்சமுள்ள மண்ணை மீண்டும் சலிக்கிறேன்.

எஞ்சிய இரண்டில் இடது ஓடு பெரியது; ஒன்றில் வட்டத் திட்டும் தெரிகிறது. இரண்டுமே பழுப்பேறித் தேய்ந்தவை, விளிம்புகள் மழுங்கியவை. உள்ளே கருங்களிமண், வெளியே ஒட்டியிருந்தது வெளிறிய சுண்ணக்களிமண். மறுபடிவு என்று குறித்து அட்டவணையிலிருந்து விலக்கிவிட்டேன். கீழ்ப்பகுதியில் இருப்பதை ஆக்மோகோன்கெல்லா சிஎஃப். அஸ்பினாட்டா என்று எழுதியிருக்கிறேன். விளிம்புப் படங்கள் வந்ததும் அந்த ‘சிஎஃப்.’ நீங்குமா என்று பார்க்க வேண்டும். அதன் கோடு கோரின் மேல் எல்லையோடு நிற்கிறது.